அண்ணனுக்கு மூன்று சுரம் கீழே

லெம்பா பகுதியில் கபங்காவின் முகம் பலருக்குத் தெரியாது. ஆனால் அவன் விரல்களுக்கு ஆடாத இடுப்பு அங்கே கிடையாது. காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் மி-சோலோ, அதாவது பாதி சோலோ, வாசிக்கிறவனின் தலையெழுத்தே அப்படித்தான். மேடையின் முன்னால் நின்று, கிட்டாரை நெஞ்சுக்குத் தூக்கி, பெண்களைப் பார்த்துச் சிரிக்கிறவன் சோலோக்காரன். பின்னால் டிரம்மோடு ஒட்டி நின்று தாளத்துக்குத் தீனி போடுகிறவன் ரிதம்காரன். இருவருக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாமல், சோலோக்காரன் போகும் வழியெல்லாம் கூடவே போகிறவன் மி-சோலோக்காரன். அவன் நிறுத்தினால்தான் அவன் இருந்ததே தெரியும்.

லிசாங்கா குழுவில் சோலோ வாசித்தவன் புயி. மி-சோலோ வாசித்தவன் கபங்கா. இருவரும் இரட்டைப் பிள்ளைகள். பெயர் யோசிக்கும் சிரமம் அவர்கள் அப்பாவுக்கு இருக்கவில்லை. கசாய் மாகாணத்துக்காரர் வீட்டில் இரட்டையரில் முதலில் வருகிறவன் புயி, அடுத்து வருகிறவன் கபங்கா. அம்மா கியேசே கடலோரத்து மயோம்பே காட்டுப் பக்கத்துக்காரி. அவளை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இரட்டையரைப் பெற்ற புண்ணியவதி என்று தெருவே அவளை 'மபாசா அம்மா' என்றுதான் அழைத்தது.

பிள்ளைகளுக்குக் கிட்டார் பழக்கம் தேவாலயத்தில் வந்தது. பாடகர் குழுவுக்கு இருந்தது ஒரே ஒரு கிட்டார். அதை இரண்டு பேர் மடியிலும் குறுக்காகப் படுக்க வைத்துக்கொண்டு, புயி மெல்லிய தந்திகளை எடுத்துக்கொண்டான். கபங்காவுக்கு அடுத்த தந்திகள் மிஞ்சின. அன்றைக்கு மிஞ்சியதே பிறகு அவன் வாழ்க்கையாகிப் போனது.

தோ-ரே-மி-ஃபா-சோல்-லா-சி என்கிற மேற்கத்திய ஏழு சுரத்தில், புயி 'தோ'வில் விரல் வைத்தால் கபங்கா கீழே 'லா'வில் வைப்பான். தோ, சி, லா என்று விரல்விட்டு எண்ணினால் மூன்று. அண்ணன் 'மி'க்கு ஏறினால் தம்பி 'தோ'வுக்கு ஏறுவான். அண்ணன் சறுக்கி இறங்கினால் தம்பியும் அதே மூன்று சுர இடைவெளி விட்டுச் சறுக்குவான். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் சாதாரணத் தந்திச் சத்தம். சேர்ந்து ஒலிக்கும்போது நடுவில் ஒரு தேன் சுரக்கும். அந்தத் தேனுக்காகத்தான் ஜனங்கள் லிசாங்காவைத் தேடி வந்தார்கள்.

"எப்படிப்பா உன் தம்பி பின்னாடியே வர்றான்? முன்கூட்டியே பேசி வெச்சுக்குவீங்களா?" என்று புயியைக் கேட்பார்கள்.

"பேசறதாவது! நான் தும்மினாக்கூட அவன் மூணு சுரம் கீழ தும்முவான்" என்பான் புயி. கூட்டம் சிரிக்கும். கபங்காவும் சிரிப்பான்.

பகலில் கபங்காவுக்கு இஸ்திரிக் கடையில் வேலை. அண்ணன் மேடையில் போடும் சட்டைக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்துக் கொடுப்பவனும் அவன்தான். அதில் அவனுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் மனதில் முள் குத்தியது. வானொலிக்காரர் ஒருவர் ஒத்திகைக்கு வந்திருந்தார். புயி சிகரெட் வாங்கப் போயிருந்த நேரத்தில், "நீ தனியா ஏதாவது வாசியேன், கேப்போம்" என்றார். கபங்கா கண்ணை மூடிக்கொண்டு, இருப்பதிலேயே தனக்குப் பிடித்ததை வாசித்தான். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு தம்பி. பாட்டு எங்க?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் வலித்தது.

மழைக்காலத்தின் நடுவில் புயி காய்ச்சலில் விழுந்தான். முதலில் வீட்டு வைத்தியம், பிறகு ஆஸ்பத்திரி. கடைசியில் டாக்டர் இவர்கள் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தபோதே கபங்காவுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றுக்குள்ளேயே கூட இருந்தவன், இந்த உலகத்துக்கு வழிகாட்டிக் கூட்டி வந்தவன், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்.

அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

மயோம்பேக்காரி கியேசே ஆஸ்பத்திரி வாசலிலேயே சட்டம் போட்டுவிட்டாள். இரட்டையரில் ஒருவன் 'செத்தான்' என்று அவள் வீட்டார் சொல்வதில்லை. விறகு பொறுக்கப் போயிருக்கிறான் என்பார்கள். அழுதால், என்னவோ ஏதோ என்று அவன் திரும்பிப் பார்ப்பான். பார்த்தால், தனியாக நிற்கும் உடன்பிறப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அதனால் துக்க வீட்டில் பாட வேண்டும், ஆட வேண்டும், இங்கே ஒரு குறையும் இல்லை என்று அவனுக்குக் கேட்க வேண்டும்.

"யார் கண்ணுலயாவது தண்ணியப் பாத்தேன், அப்புறம் என் வாசல்ல மிதிக்கக் கூடாது சொல்லிட்டேன்" என்றாள் அவள். "ஒருத்தன குடுத்துட்டேன். இன்னொருத்தன குடுக்க எங்கிட்ட தெம்பு இல்ல."

அவள் குரலில் நடுக்கம் இல்லை. ஆனால் கபங்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் கை, வீடு வந்து சேரும்வரை பிடியை விடவேயில்லை.

சேதி தெரிந்து குழுத் தலைவர் மாகோசோ வந்தார். பாடகர், கனத்த உடம்பு, கனத்த குரல். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பந்தல் துணியும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"மபாசா அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. பண்டால் பக்கத்துல நமக்குத் தெரிஞ்ச சோலோக்காரன் ஒருத்தன் இருக்கான். செபென் நேரத்துல அவன் வந்து வாசிக்கட்டும். ஜனம் ஆடும்."

செபென் என்பது பாட்டின் பின்பாதி. பாடகர்கள் ஒதுங்கிக்கொள்ள, கிட்டார் முன்னுக்கு வந்து ஆட்டத்தை மூட்டுகிற பகுதி. அதில் எழுதி வைத்த மெட்டு கிடையாது. அந்த நிமிஷம் விரலில் என்ன பிறக்கிறதோ அதுதான்.

"வாடகைக்கு வர்றவன் விரலுக்கு எம் புள்ளையத் தெரியுமா?" என்றாள் கியேசே. "எங்க ஊர்ல கூடப் பொறந்தவன்தான் முன்னால நின்னு ஆடணும். இவன் கிட்டார்க்காரன், வாசிக்கட்டும். கபங்கா வாசிப்பான்."

மாகோசோ கபங்காவைச் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "முடியுமாடா?"

"முடியாதுண்ணே. ஆனா அம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லவும் முடியாது."

பக்கத்தில் நின்றிருந்தான் பொபோல். குழுவின் அட்டலாக்கு, அதாவது செபெனில் கூச்சல் போட்டுக் கூட்டத்தை உசுப்பி விடுகிறவன். துக்க வீடு, கல்யாண வீடு என்று அவன் வாய்க்கு வித்தியாசம் தெரியாது. "ஏணியில மேல்படி போயிருச்சு மச்சான். நடுப்படி நீ எதப் புடிச்சு நிப்ப?" என்றான்.

"வாயக் கழுவுடா" என்று மாகோசோ அதட்டினார்.

கபங்காவுக்குக் கோபம் வரவில்லை. பொபோல் கேட்டது சரியான கேள்வி. அண்ணனின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளறையில் போய் உட்கார்ந்தான். சோலோவாக ஏதாவது ஒன்று வாசிக்கலாம் என்று விரலை வைத்தான். விரல் தானாகவே கீழ்த் தந்திக்குப் போனது. மேலே அண்ணன் ஒரு சுரத்தைத் தொடுவான், அதிலிருந்து எண்ணி மூன்றாவதில் இறங்கலாம் என்று அந்த விரல் காத்திருந்தது. யாரும் தொடவில்லை. தோ-வா, லா-வா, எதிலிருந்து எண்ணுவது? இத்தனை வயதில், முதல் சுரம் எங்கிருந்து வரும் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. அது எப்போதும் புயியிடமிருந்து வந்தது.

வெளியே வந்து அம்மாவைப் பார்த்தான். அவள் பந்தல் கம்பத்தில் துணியை முடிந்துகொண்டிருந்தாள். இழுத்து இழுத்து முடிந்தாள், அவிழ்ந்துவிடுமோ என்று.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து ஜனங்கள் திரும்பியபோது பிற்பகல் வெயில் முற்றத்தில் சாய்ந்திருந்தது. வாசலில் வைத்திருந்த வாளியில் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மரவள்ளி மாவுக் குவாங்காவும் பொண்டுக் கீரையும் வறுத்த மீனும் கை மாறின. யாரும் அழவில்லை. ஆனால் அழாமலிருக்கப் படும் பாடு எல்லார் முகத்திலும் தெரிந்தது. நாற்காலிகளின் முதல் வரிசையில் கியேசே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மாகோசோ பாட ஆரம்பித்தார். கபங்கா வாசித்தான். அதுவரை பயமில்லை, அவர் குரல் மேலே போக, மூன்று சுரம் கீழே நிழலாக இவன் போனான். பாட்டின் முன்பாதி நன்றாகவே நடந்தது. பிறகு மாகோசோ கையைத் தூக்கினார், பின்னால் நகர்ந்தார். டிரம் வேகம் பிடித்தது. "ஏய்... ஏய்... செபென்!" என்று பொபோல் கத்தினான்.

கபங்காவுக்கு மேலே வானம் திறந்துகொண்டது. வெறும் வானம்.

அவன் வாசித்தான். விரல் கச்சிதமாகத்தான் ஓடியது. ஆனால் வந்தது பாதி. பதில் மட்டும் இருந்து கேள்வி இல்லாத பேச்சு மாதிரி இருந்தது. ஆடுவதற்காக எழுந்த பெண்கள் இரண்டடி வைத்துவிட்டு, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ரிதம் கிட்டாரும் பாஸ் கிட்டாரும் அந்த ஒரே சுற்றில் செக்கு மாடாகச் சுற்றின. பொபோல் கத்திப் பார்த்தான், கைதட்டிப் பார்த்தான். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. ஐயோ, அந்த வெறுமையில் எல்லாருக்கும் ஒன்றேதான் கேட்டது: புயி வாசிக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கியேசே எழுந்து நின்றாள். அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது. மகன் முகத்தையே பார்த்தாள். அழுதுவிடாதே என்று அவனைக் கெஞ்சுகிறாளா, நான் அழுதுவிடுவேன் போலிருக்கிறதே என்று சொல்கிறாளா, தெரியவில்லை. அவள் ஒருத்தி உடைந்தால் முற்றமே உடையும். அப்புறம் இன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும், மகன் மூச்சு விடுகிறானா என்று பார்க்க எழுந்து எழுந்து வருவாள். அந்தப் பயத்திலேயே அவள் போய்ச் சேருவாள்.

கபங்காவுக்குப் போதும் என்று தோன்றியது. அவன் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதானே? தந்தியால் சொல்லிவிட்டுக் கிட்டாரை இறக்கி வைத்துவிடலாம். அந்த ஊர்க் கிட்டார் பேசும். லிங்காலா மொழியில் சொல்லின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறும். ஆகவே ஏற்ற இறக்கத்தை மட்டும் தந்தியில் வைத்தாலே கேட்பவன் சொல்லைப் பிடித்துக்கொள்வான். 'மொத்தோ அஸாலி தே.' ஆள் இல்லை. அவன் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். 'ஆள்' என்கிற 'மொத்தோ'வுக்கு இரண்டு அசையும் தாழ்வாகவே வரவேண்டும். தோ, தோ என்று கீழேயே இரண்டு தட்டு.

ஆனால் விரல் ஒரு பிசகு செய்தது. வாழ்நாளெல்லாம் அண்ணனின் சுரத்தைக் கேட்டுவிட்டுத் தன் சுரத்துக்கு வந்த விரல் அது. கேட்க யாரும் இல்லாததால், தானே மேலே போய் அண்ணனின் 'மி'யைத் தொட்டுவிட்டு, பிறகுதான் தன் 'தோ'வுக்கு விழுந்தது. மி, தோ. மேலிருந்து கீழே, மூன்று சுரம்.

முதல் அசை உயர்ந்து அடுத்தது விழுந்தால் 'மொத்தோ'வுக்கு அர்த்தம் ஆள் அல்ல. நெருப்பு.

மீதிச் சொற்கள் சரியாகவே விழுந்ததால் முற்றத்தில் கேட்டது இதுதான்: நெருப்பு இல்லை.

மீன் விற்கிற அன்ட்வானெத் கையில் பாதி குவாங்காவோடு தலையைத் தூக்கினாள். வாட்டசாட்டமான பெண்பிள்ளை. சந்தையில் அவள் பேசினால் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும். "என்னது? நெருப்பு இல்லையாமா?" என்றாள். "ஏண்டா கபங்கா, அதுக்குத்தானடா உங்கண்ணன் விறகுக்குப் போயிருக்கான்! வரட்டும், அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. இவ்வளவு நேரம் அடக்கி அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த வழியாக வெளியே வந்தது. அழுகைக்குப் போட்ட பூட்டு சிரிப்புக்கு இல்லையே. கிழவர்கள் தொடையைத் தட்டினார்கள். பொபோல் அதற்குத்தானே பிறந்தவன்; அப்படியே கவ்விக்கொண்டான்.

"நெருப்பு இல்லையாம்!" என்று கத்தினான்.

"விறகு வருது!" என்றது கூட்டம்.

"யார் கொண்டு வர்றா?"

"புயி கொண்டு வர்றான்!"

கபங்காவுக்கு முதலில் வெட்கமாகப் போய்விட்டது. பிசகைத் திருத்தலாம் என்று தந்தியைத் தொட்டான். விரல் மறுபடியும் மி-யிலிருந்து தோ-வுக்கு விழுந்தது. கூட்டம் மறுபடியும் பதில் சொன்னது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இத்தனை காலமும் அந்த மூன்று சுர இடைவெளிக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று நினைத்திருந்தான். மேலே ஒருவன், கீழே ஒருவன், ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். அதையே முன்னும் பின்னுமாக, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஒரே ஆள் போதும். முதலில் அண்ணன், உடனே தம்பி. ஒரே விரல், இரண்டு பேர். நிமிர்த்தி வைத்த ஏணியைத் தரையில் படுக்க வைத்தால் அது நடக்கிற பாதையாகிவிடுகிறது.

அவன் நடந்தான். பாஸ் 'ஃபா'வுக்கு மாறியதும் அதே விழுகையை அங்கே தூக்கிக்கொண்டு போனான்: லா, ஃபா. அடுத்தது 'சோல்': சி, சோல். மூன்று இடத்திலும் அதே கேள்வி, மூன்று இடத்திலும் அதே பதில். பெண்கள் எழுந்துவிட்டார்கள். பிறகு அவன் விழுகையை ஏற்றமாக்கினான். அதையும் கூட்டம் பிடித்துக்கொண்டது. இனி என்ன என்று யோசிக்கும் முன்பே விரலுக்கு இன்னொரு வழி தெரிந்தது. அண்ணனின் 'மி'யைக் கீழே இறக்கி வைத்து, தன் 'தோ'வை எட்டாத உயரத்துக்குத் தூக்கினான். மி-யிலிருந்து அந்த மேல் தோ வரை எண்ணினால் ஆறு. புரட்டிப்போட்ட மூன்றுதான் ஆறு. அந்த நீண்ட தாவலில் கிட்டார் ஒரு விசில் அடித்தது மாதிரி கூவியது.

அண்ணனுக்கு மேலே அவன் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை ஒரு நொடி தயங்கியது. மேலே போய்விட்டேனே, கோபித்துக்கொள்வாயா? கீழே தந்தியில் 'மி' அதே உறுதியோடு ஒலித்துக்கொண்டிருந்தது. நீ போடா, நான் தாங்கிக்கொள்கிறேன் என்றது. அப்படித்தான் அவனுக்குக் கேட்டது.

"மச்சான், இன்னும் ஒரு கட்டு விறகு!" என்று பொபோல் அலறினான்.

முற்றத்தில் இப்போது நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் போய்விட்டன. அன்ட்வானெத் தலையில் இல்லாத விறகுக் கட்டைக் கையால் பிடித்தபடி இடுப்பை வளைத்து ஆடினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பிசகில் பிறந்த ஆட்டத்தை லெம்பாக்காரர்கள் அதற்குப் பிறகு எத்தனையோ விசேஷங்களில் ஆடினார்கள். எங்கே பிறந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

கியேசே கடைசியாக வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. முதலில் தோள் மட்டும் அசைந்தது. பிறகு கால். மகன் எதிரில் வந்து நின்று, அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே ஆடினாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவளின் முதுகு அது. இன்றைக்கும் வளையவில்லை.

வெயில் தணியும் நேரத்தில் மாகோசோ கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினார். கபங்கா கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

மாகோசோ அவன் தோளில் ஒரு குத்துவிட்டார். "இனிமே சோலோ நீதான். உனக்குக் கீழ வாசிக்க ஒருத்தனப் பாக்கணும்."

"பாருங்கண்ணே. ஆனா நான் எங்க போவேன்னு அவன் எங்கிட்ட கேக்கக் கூடாது."

"ஏன்?"

"எனக்கே தெரியாதே. புயிக்கும் தெரிஞ்சிருக்காது போலண்ணே. நாந்தான் அவனுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் தண்ணீர் எடுக்கப் போனார். அம்மா வந்து அருகில் மண்டியிட்டாள். இடுப்புத் துணியின் முனையை எடுத்து மகன் முகத்தைத் துடைத்தாள். நெற்றியைத் துடைத்தாள், கன்னத்தைத் துடைத்தாள். கண்ணுக்குக் கீழே வந்ததும் கை நின்றது.

"என்னடா இது?"

"வேர்வைம்மா."

அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். துடைக்கத் துடைக்க அது வந்துகொண்டேயிருந்தது. அவள் கன்னத்திலும் இரண்டு கோடுகள் இறங்கி முகவாயில் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தன. கபங்கா கையை நீட்டி அதைத் துடைத்தான்.

"உனக்கும்தாம்மா."

"ஆமா" என்றாள் அவள். "ஆடினா வேர்க்காதா? எல்லாருக்கும் வேர்த்திருக்கு பாரு. யாரு கண்டா?"

முற்றத்தில் எல்லார் முகமும் பளபளத்தது. எது எது என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. விறகு பொறுக்கப் போனவன் அங்கிருந்து திரும்பிப் பார்த்தாலும் முடியாது.

கியேசே கிட்டாரை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"வாசி. இன்னும் ஒருத்தரும் உக்காரல."